ஆங்கில வகுப்பின் கலைச்சொற்களும் நன்னூல் படித்த பிள்ளைகளும்

காங்கேயத்துக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து பதினோராம் வகுப்பு மாணவி ஒருவர் எழுதியிருக்கிறார். பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர். இந்த ஆண்டு ஆங்கிலவழிக்கு மாறியிருக்கிறார். ஆங்கில வகுப்பில் சிமிலி, மெட்டஃபர் எனத் தொடங்கி ஜெரண்ட், பார்ட்டிசிப்பிள் வரை அறுபதுக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட தாள் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். விளக்கங்களை மனப்பாடம் செய்துவிட்டதாகவும், ஆனால் தேர்வில் ஒரு கவிதையடியைக் கொடுத்து இதிலுள்ள அணி எதுவென்று கேட்டால் கை நின்றுவிடுவதாகவும் சொல்கிறார். கடையில் வாங்கிய வழிகாட்டி நூல் ஒன்றில் ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லுக்கும் நேரே ஒரு தமிழ்ச் சொல் அச்சிடப்பட்டிருந்ததாம். அதை நம்பி எழுதிய விடைகளும் தவறாகிவிட்டன. தமிழ் இலக்கணத்தில் நல்ல மதிப்பெண் வாங்கும் தனக்கு ஆங்கிலத்தில் மட்டும் ஏன் இப்படி என்பது அவர் கேள்வி. இறுதியில் ஒரு சிறு ஐயமும் உண்டு: அபாஸ்ட்ரஃபி என்பது எழுத்தின் மேலே போடும் குறிதானே, கவிதைச் சொற்களின் பட்டியலில் அதற்கு என்ன வேலை?

அம்மிணி, பெருந்துறை, சென்னிமலை வட்டாரத்துப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில் இதற்கு விடை சொல்கிறேன். நீங்கள் படித்த தமிழ் இலக்கணம் உங்களுக்குத் தடையன்று; அதுவே உங்கள் கையிருப்பு. பணியில் சேர்ந்த முதல் சில ஆண்டுகள், ஆங்கில வகுப்பில் தமிழ் இலக்கணத்தின் பெயரையே எடுக்கக் கூடாது என்று நான் பிள்ளைகளைத் தடுத்து வந்தேன். அது பெருந்தவறு என்பதைப் பின்னர் அவர்களிடமிருந்தே கற்றேன். ஆனால் உங்கள் வழிகாட்டி நூல் செய்ததைப் போல, இதற்கு இது என்று கோடு போட்டு இணைப்பதும் அதே அளவு தவறு. இரண்டு மரபுகளும் தனித்தனியே வளர்ந்தவை. ஆங்கிலத்தின் அணிப்பெயர்கள் பெரும்பாலும் கிரேக்கத்திலிருந்தும் இலத்தீனிலிருந்தும் வந்தவை. நம்முடையவை தொல்காப்பியம், நன்னூல், தண்டியலங்காரம், யாப்பருங்கலக்காரிகை ஆகியவற்றின் வழியாக வந்தவை. எந்த இடத்தில் இரண்டும் ஒட்டுகின்றன, எந்த இடத்தில் விலகுகின்றன என்று பார்த்துப் படித்தால், அந்த விலகலே சொல்லை மறக்கவிடாமல் நினைவில் நிறுத்தும்.

மிக நன்றாக ஒட்டுகிற இடத்திலிருந்து தொடங்குவோம். உங்கள் தாளில் மெட்டானமி, சினெக்டகி என்ற இரண்டு சொற்கள் இருக்கும். வகுப்பில் பலரும் அஞ்சுவது இவற்றுக்குத்தான். மெட்டானமி என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பெயர் மாறுதல் என்பது பொருள். நம் ஆகுபெயர் அதுவேயன்றி வேறென்ன? ‘ஒன்றன் பெயரான் அதற்கியை பிறிதை’த் தொன்றுதொட்டு உரைத்து வருவது ஆகுபெயர் என்று நன்னூல் சொல்கிறது. ஒன்றின் பெயர், அதனோடு தொடர்புடைய இன்னொன்றுக்கு ஆகி வருதல். ‘திருப்பூர் இன்று வேலைக்குப் போகவில்லை’ என்றால் ஊரின் பெயர் அங்குள்ள தொழிலாளர்களுக்கு ஆகிறது. தமிழில் இது இடவாகுபெயர், ஆங்கிலத்தில் மெட்டானமி. ‘வள்ளுவரைப் படித்தேன்’ என்றால் ஆக்கியோன் பெயர் நூலுக்கு ஆகிறது. தமிழில் கருத்தாவாகுபெயர், ஆங்கிலத்தில் அதுவும் மெட்டானமிதான். ‘வெற்றிலை நட்டார்’ என்று பரமத்தி வேலூர்ப் பக்கத்துக் கொடிக்கால்காரரைப் பற்றிச் சொன்னால், நட்டது கொடியை. இலை அதன் உறுப்பு. உறுப்பின் பெயர் முழுமைக்கு ஆகிவரும் இந்தச் சினையாகுபெயரை ஆங்கிலத்தார் சினெக்டகி என்பர். சத்தியமங்கலத்து மல்லிகையை ஒருத்தி சூடினாள் என்றால் முழுச் செடியின் பெயர் அதன் பூவுக்கு ஆகிறது. நமக்கு இது முதலாகுபெயர், அவர்களுக்கு இதுவும் சினெக்டகியே. உறுப்பும் முழுமையும் ஒன்றின் பெயரை மற்றொன்று வாங்கிக்கொண்டால் சினெக்டகி. வேறு வகையான தொடர்பு என்றால் மெட்டானமி. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் போதும்.

இனி விலகுகிற இடம். ‘காளை வந்தான்’ என்பதை உவமையாகுபெயர் என்று படித்திருப்பீர்கள். பெயரில் ஆகுபெயர் இருப்பதால் இதை மெட்டானமி என்று எழுதினால் விடை தவறாகும். காளைக்கும் அந்த இளைஞனுக்கும் இடையே இருப்பது ஒப்புமை. இடம், கருவி, உறுப்பு போன்ற தொடர்பு எதுவும் இல்லை. ஒப்புமையால் பெயர் மாறினால் ஆங்கிலத்தார் அதை மெட்டஃபர் என்பர். ஆகுபெயரின் ஒரு கிளை அங்கே வேறொரு குடும்பத்துக்குப் போய்விடுகிறது என்று நினைவில் கொள்ளுங்கள்.

அந்த மெட்டஃபரையும் சிமிலியையும் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தாளில் தரப்படும் விளக்கம் எளிது: லைக், ஆஸ் என்ற சொற்கள் வந்தால் சிமிலி, வராவிட்டால் மெட்டஃபர். உவம உருபு வந்தால் உவமை என்று நாம் சொல்வதைப் போன்றதே. ஆனால் உருபை மட்டும் தேடுகிறவர் இரண்டு வழிகளில் ஏமாறுவார். முதலாவது, லைக் என்ற சொல் விரும்பு என்னும் வினையாகவும் வரும். ‘ஐ லைக் மேங்கோஸ்’ என்பதில் எந்த உவமையும் இல்லை. ‘அவன் தன் அண்ணனைப் போல் ஓடுகிறான்’ என்பதிலும் அணி இல்லை. இரண்டு மனிதர்களின் ஓட்டத்தை ஒப்பிட்டுச் சொல்லும் வெறும் செய்தி அது. வேறுபட்ட இரண்டு பொருள்களுக்கு இடையே ஒரு பொதுத்தன்மையைக் கண்டு காட்டும்போதுதான் அணி பிறக்கிறது. அந்தப் பொதுத்தன்மை எங்கிருந்து வரும் என்பதற்குத் தொல்காப்பியர் ‘வினைபயன் மெய்உரு’ என நான்கு இடங்களைக் குறித்தார்: செயல், அதன் பயன், வடிவம், நிறம். ஆங்கிலத் தேர்வில் ஒரு சிமிலியை விளக்கும்போது இந்த நான்கில் எது என்று உங்களுக்குள் கேட்டுக்கொண்டு எழுதினால், விடை மற்றவர் விடையைவிட ஒரு படி ஆழமாக இருக்கும்.

இரண்டாவது ஏமாற்றம் தமிழ் கற்றவர்களுக்கே உரியது. தேன்மொழி என்பது நமக்கு உவமைத்தொகை; தேன் போன்ற மொழி என்று விரியும். சொற்களை இடம் மாற்றி மொழித்தேன் என்றால் அது உருவகம். சொல்லின் வரிசை மாறியதும் அணியின் பெயரும் மாறுகிற இந்த நுட்பம் ஆங்கிலப் பள்ளிப் பாடத்தில் இல்லை. அங்கே லைக், ஆஸ் போன்ற உருபு கண்ணுக்குத் தெரிய வேண்டும். மறைந்து நின்றால் அதைச் சிமிலியாகக் கணக்கிடுவதில்லை. எனவே தேன்மொழியைப் போல உருபு தொக்கு நிற்கும் தொடர் ஆங்கிலக் கவிதையில் வந்தால் மெட்டஃபர் என்றே எழுதுங்கள். ‘அகர முதல எழுத்தெல்லாம்’ என்ற குறளில் உள்ளது எடுத்துக்காட்டு உவமை. உருபே இல்லாமல் இரண்டு வாக்கியங்கள் எதிரெதிரே நிற்கின்றன. இதையும் ஆங்கில வகுப்பில் சிமிலி என்று ஏற்க மாட்டார்கள். அனாலஜி என்ற சொல்லே பொருந்தும். உவமை என்ற நம் சொல் சிமிலி என்ற அவர்கள் சொல்லைவிட அகலமானது.

உங்கள் வழிகாட்டி நூல், மனிதரல்லாததை மனிதரைப் போலச் சொல்லும் பெர்சானிஃபிகேஷன் என்பதற்கு நேரே தற்குறிப்பேற்றம் என்று அச்சிட்டிருப்பதாக எழுதியிருந்தீர்கள். எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இந்த இணைப்புத்தான். ஒரு நிகழ்ச்சி இயல்பாகவே நடக்கிறது. கவிஞர் அதற்குத் தாமாக ஒரு காரணத்தை ஏற்றிச் சொல்கிறார். அதுவே தற்குறிப்பேற்றம். கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது கோட்டைக் கொடிகள் காற்றில் அசைவதை, ‘வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட’ என்கிறது சிலப்பதிகாரம். கொடி அசைந்தது காற்றால். வரவேண்டாம் என்று தடுப்பதற்காக அசைந்ததென்பது புலவரின் குறிப்பு. இங்கே கொடிக்குக் கை இருப்பதால் பெர்சானிஃபிகேஷனும் உண்டுதான். ஆனால் அணியின் உயிர் அந்தக் கையில் இல்லை. ஏற்றப்பட்ட காரணத்தில் இருக்கிறது. ‘நொய்யல் ஆறு நோயுற்றுக் கிடக்கிறது’ என்று நான் எழுதினால் அது பெர்சானிஃபிகேஷன். எந்தக் காரணத்தையும் நான் ஏற்றவில்லை என்பதால் தற்குறிப்பேற்றம் இல்லை. (சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்குநல்லார் கொங்கு நாட்டு நிரம்பை ஊரினர் என்பதை நம் பக்கத்துப் பிள்ளைகள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.)

அப்படியானால் பெர்சானிஃபிகேஷனுக்கு நம்மிடம் எதுவுமே இல்லையா? இருக்கிறது, அணியிலக்கணத்தில் தேடுவதால்தான் கிடைப்பதில்லை. நன்னூலின் சொல்லதிகாரத்தில், பொதுவியலில் இருக்கிறது:

‘கேட்குந போலவும் கிளக்குந போலவும்
இயங்குந போலவும் இயற்றுந போலவும்
அஃறிணை மருங்கினும் அறையப் படுமே.’

கேட்பவை போலவும், பேசுபவை போலவும், நடப்பவை போலவும், செயல் புரிபவை போலவும் அஃறிணைப் பொருள்களைச் சொல்லும் வழக்கு உண்டு என்பது இதன் பொருள். ‘இந்தச் சாலை காங்கேயம் போகும்’ என்கிறோமே, சாலை எங்கே போகிறது? நாம்தான் போகிறோம். அது ‘இயங்குந போலவும்’ என்பதில் அடங்கும். பவணந்தி முனிவர் இதை எழுதியது 13-ஆம் நூற்றாண்டில். பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரத்தை அவருடைய ஊராக நம் பகுதியினர் வழிவழியாகப் போற்றி வருகின்றனர். இந்த மூன்று அடிகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். உங்கள் கடைசி ஐயத்துக்கும் விடை இதற்குள்தான் இருக்கிறது.

அடுத்தது ஒலி. அலிட்டரேஷன் என்றால் மோனை, ரைம் என்றால் எதுகை என்று வழிகாட்டி நூல் சொல்கிறது. முன்னது பாதி சரி, பின்னது முழுத் தவறு. எதுகை என்பது இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது. ‘கற்க’, ‘நிற்க’ என்ற சொற்களில் றகர ஒற்று ஒத்து வருவது போல. ஆங்கில ரைம் அடியின் இறுதியில் வரும் ஒலியொப்புமை. அதற்கு நெருக்கமான நம் சொல் இயைபு. தமிழில் ஆன், ஆள், ஆர் என்று விகுதிகளே அடிக்கடி ஒத்து முடிவதால், இறுதியில் ஒலியை ஒப்பிப்பதில் புலமைக்குப் பெரிய வேலை இல்லை. அதனால்தான் நம் புலவர்கள் அழகைச் சொல்லின் தொடக்கத்தில் தேடினார்கள் என்பது என் கருத்து. எதுகைக்கு ஆங்கிலத்தில் நேரான பெயர் கிடையாது. இல்லாததைத் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம்.

அலிட்டரேஷனில் நம் பிள்ளைகள் இடறும் இடங்களை விடைத்தாள்களில் தொடர்ந்து பார்த்திருக்கிறேன். நமக்குச் சகரமும் தகரமும் மோனை. ஞகரமும் நகரமும் மோனை. மகரமும் வகரமும் மோனை. ஆங்கிலத்தில் இந்த இன மோனை கிடையாது. மூன் என்ற சொல்லும் வின்ட் என்ற சொல்லும் அங்கே அலிட்டரேஷன் ஆகா. இன்னொரு பக்கம், மெய்யை அடுத்துவரும் உயிரையும் நாம் பார்ப்போம். ககரத்துக்குக் கா, கை, கௌ ஆகியன மோனையாகும், கி ஆகாது. ஆங்கிலத்தில் முதல் மெய்யொலி ஒத்தால் போதும், அடுத்த உயிர் எதுவாகவும் இருக்கலாம். மூன்றாவது சிக்கல் நம் எழுத்தைச் சார்ந்தது. பன்றியைக் குறிக்கும் பிக், பெரிய என்று பொருள்படும் பிக் ஆகிய இரண்டையும் தமிழில் ஒரே பகரத்தால் எழுதுகிறோம். ஆங்கிலக் காதுக்கு அவை வேறு வேறு ஒலிகள். அவற்றுக்கிடையே அலிட்டரேஷன் இல்லை. ஆகவே ஆங்கிலக் கவிதையின் அடியில் தமிழெழுத்தில் உச்சரிப்பு எழுதி வைத்துக்கொண்டு ஒலியணியைத் தேடும் வழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள்.

ஆங்கில எழுத்தையும் முழுதாக நம்ப முடியாது. கேட், சிட்டி ஆகிய இரண்டும் அவர்கள் எழுத்தில் சி என்ற ஒரே எழுத்தில் தொடங்குகின்றன, ஆனால் ஒலி வேறு. கைன்ட் என்பதும் கேட் என்பதும் வேறு எழுத்தில் தொடங்குகின்றன, ஆனால் ஒலி ஒன்றே, இவைதாம் அலிட்டரேஷன். ரைமிலும் அப்படியே: டஃப், காஃப், தோ ஆகிய மூன்று சொற்களும் ஓ, யூ, ஜி, எச் என்ற அதே நான்கு எழுத்துகளில் முடிகின்றன, ஆனால் ஒன்றோடொன்று ரைம் ஆவதில்லை. வாய்விட்டுப் படித்தால்தான் இதெல்லாம் பிடிபடும். அசோனன்ஸ் என்பது சொற்களின் நடுவே ஒரே உயிரொலி திரும்பத் திரும்ப வருவது; கான்சனன்ஸ் என்பது நடுவிலோ இறுதியிலோ மெய்யொலி திரும்பி வருவது. இவை குறித்து இவ்வளவு போதும்.

ஆனமட்டோபியாவுக்கு இரட்டைக்கிளவி என்று எழுதாதீர்கள். சலசல என்பது ஓசையைக் காட்டுவதால் ஆனமட்டோபியா. பளபள என்பது கண்ணுக்குத் தெரிவதைக் காட்டுகிறது, அதில் ஓசை எங்கே? இரண்டுமே இரட்டைக்கிளவிதான், ஆனால் முதலாவது மட்டுமே ஆங்கிலப் பெயருக்குள் வரும். பிரிக்க முடியாமல் இரட்டித்து நிற்கும் அமைப்பை வைத்து நாம் பெயரிட்டோம். ஓசையை வைத்து அவர்கள் பெயரிட்டார்கள்.

மீட்டர், அதாவது கவிதையடியின் ஓசை ஒழுங்கு, என்பதைக் கேட்டாலே பிள்ளைகள் கலங்குவார்கள். ஆனால் சோமனூர், பல்லடம் பக்கத்தில் விசைத்தறி ஓடும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது காதிலேயே இருக்கிறது. நம் யாப்பு குறில், நெடில், ஒற்று ஆகியவற்றைப் பார்த்து நேரசை, நிரையசை என்று பிரிக்கிறது. ஆங்கிலம் அழுத்தத்தைப் பார்க்கிறது. எந்த அசையை அழுத்திச் சொல்கிறோம், எதை இலேசாக விடுகிறோம் என்பதே கணக்கு. டுடே என்ற சொல்லில் முதலசை இலேசானது, அடுத்தது அழுத்தமானது. அப்படி இலேசும் அழுத்தமுமாக இணைந்த இரண்டசைச் சீருக்கு அயாம்ப் என்று பெயர். விசைத்தறி த-டக், த-டக் என்று அடிப்பதைக் கேளுங்கள்: முதலோசை மெல்லியது, பின்னோசை வலியது. அந்தத் த-டக் ஓரடியில் ஐந்து முறை வந்தால் அயாம்பிக் பென்டாமீட்டர். ஐந்து சீர், பத்து அசை. என் வகுப்பில் மேசையைத் தட்டிக்கொண்டே கவிதை படிக்கச் சொல்வேன். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள்தாம் முதலில் பிடித்துக்கொள்வார்கள்.

இந்த ஓசை தெரிந்துவிட்டால், அடிக்கடி குழப்பப்படும் இரண்டு சொற்கள் தாமாகத் தெளிவாகும். பிளாங்க் வெர்ஸ் என்பதில் ரைம் இல்லை, ஆனால் மீட்டர் உண்டு. அதாவது த-டக் ஐந்து முறை ஒழுங்காக வரும், இறுதி ஒலி மட்டும் ஒத்திருக்காது. ஃப்ரீ வெர்ஸ் என்பதில் கட்டான மீட்டரும் இல்லை, ரைம் வர வேண்டிய கட்டாயமும் இல்லை. நம் புதுக்கவிதை இதற்கு நிகர். ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் பெரும்பகுதி முதல் வகை. இரண்டையும் ஒன்றென எழுதுவது, அகவலைப் புதுக்கவிதை என்று எழுதுவதற்குச் சமம். சானெட் 14 அடிகளைக் கொண்டது. இத்தாலிய வகையில் எட்டும் ஆறுமாகப் பிரியும், ஷேக்ஸ்பியர் வகையில் மூன்று நான்கடிகளும் இறுதியில் ஓர் ஈரடியுமாக நிற்கும்.

வெர்ஸ் என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. இது இலத்தீனிலிருந்து வந்தது. திரும்புதல் என்பது வேர்ப்பொருள். ஏர் ஓட்டுகிறவர் வயலின் கடைசி வரை ஒரு சால் ஓட்டி, அங்கே ஏரை மடக்கி அடுத்த சாலைத் தொடங்குவார் அல்லவா? அந்தச் சாலுக்கும் திருப்பத்துக்கும் வழங்கிய சொல்லே கவிதையின் அடிக்கும் பெயராயிற்று. நாமும் கவிதையைப் பற்றிப் பேசும்போது வரியை மடக்கி எழுதுதல் என்றே சொல்கிறோம். உரைநடை தாளின் ஓரம் வரை ஓடிக்கொண்டே இருக்கும். கவிதை தான் விரும்பிய இடத்தில் மடங்கும். அடி மடங்கியும் பொருள் நிற்காமல் அடுத்த அடிக்குத் தாவிப் போனால் என்ஜாம்ப்மென்ட். அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்குக் கால் எடுத்து வைத்துத் தாண்டுதல் என்று பொருள். ஸ்டான்ஸா என்பது இத்தாலிய மொழியில் அறை. சொல்லின் பிறப்பை இப்படித் தெரிந்துகொள்வது நினைவுக்கு மிகவும் உதவும். ஆக்ஸிமொரான் என்ற சொல்லே கூர்மை, மழுக்கம் என்ற முரண்பட்ட இரண்டு கிரேக்கச் சொற்கள் சேர்ந்து உண்டானது. தன் பெயருக்குத் தானே எடுத்துக்காட்டாக நிற்கிறது. நம் முரண்தொடையை இதற்கு ஈடாக எழுதுகிறார்கள். ஆனால் அடுத்தடுத்த இரண்டு சொற்கள் ஒரே தொடருக்குள் மோதினால்தான் ஆக்ஸிமொரான், ‘இனிய துயரம்’ என்பது போல. எதிரெதிர்க் கருத்துகள் இரண்டு தொடர்களாகச் சமமாக நின்றால் ஆன்டிதீசிஸ். முரண்தொடை பெரும்பாலும் இதனோடுதான் ஒட்டும்.

ஐரனியில் மூன்று வகை சொல்லியிருப்பார்கள். சொல்வது ஒன்று, கருதுவது அதற்கு எதிரானது என்றால் வெர்பல் ஐரனி. ‘தேவர் அனையர் கயவர்’ என்று வள்ளுவர் புகழ்வது போலப் பழிக்கும் வஞ்சப்புகழ்ச்சி இதில் ஒரு வகை. பாத்திரத்துக்குத் தெரியாதது பார்ப்பவருக்குத் தெரிந்திருந்தால் டிராமாடிக் ஐரனி. அண்ணன்மார் கதையில் உடன்பிறந்தோர் போருக்குப் புறப்படும் இடத்தை உடுக்கையடித்துப் பாடும்போது, அது படுகளத்தில் முடியப்போவதை அறிந்த நம் ஊர் மக்கள் ஏன் முன்கூட்டியே கண்கலங்குகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக நிகழ்ச்சி முடிந்தால் சிச்சுவேஷனல் ஐரனி.

இலக்கணச் சொற்களுக்கு வருகிறேன். ஆங்கிலத்தார் சொற்களை எட்டு வகையாகப் பிரிக்கிறார்கள். நாம் பெயர், வினை, இடை, உரி என நான்காகப் பிரிக்கிறோம். எண்ணிக்கையை வைத்து எதையும் இணைக்க முயல வேண்டாம். ஆனால் வாக்கிய உறுப்புகள் நன்றாக ஒட்டும்: சப்ஜெக்ட் எழுவாய், ஆப்ஜெக்ட் செயப்படுபொருள், பிரெடிக்கேட் பயனிலை. எதை, யாரை என்று கேட்டால் விடை வரும் வினை டிரான்சிட்டிவ். அதுவே செயப்படுபொருள் குன்றா வினை. ஒரு விலகல் மட்டும் முக்கியம். தமிழில் பெயரே பயனிலையாக நிற்கும். ‘என் அப்பா விவசாயி’ என்பது முழு வாக்கியம். ஆங்கில வாக்கியத்துக்கு வினைமுற்று, அதாவது ஃபைனைட் வெர்ப், கட்டாயம். அதை விட்டுவிட்டு ‘மை ஃபாதர் எ ஃபார்மர்’ என்று எழுதும் பிள்ளை சோம்பலால் அப்படி எழுதவில்லை. தமிழின் பெயர்ப்பயனிலையை அப்படியே அங்கே கொண்டுபோகிறது. இதை விளக்காமல் சிவப்பு மையால் சுழித்துவிடுவதில் என்ன பயன்?

ஜெரண்டையும் பார்ட்டிசிப்பிளையும் பிரிக்கத் தமிழைப் போன்ற நல்ல கருவி வேறில்லை. இரண்டும் இங் என்று முடிவதால் ஆங்கிலத்தில் மட்டும் பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும். தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘வீவிங் இஸ் ஹார்ட் ஒர்க்’ என்பதில் வீவிங் என்பது நெய்தல்; தொழிற்பெயர், எனவே ஜெரண்ட். ‘த மேன் வீவிங் எ ஷீட்’ என்பதில் அதே சொல் நெய்கிற என்று ஆகிறது. பெயரெச்சம், எனவே பார்ட்டிசிப்பிள். பார்ட்டிசிப்பிள் என்ற சொல்லுக்குப் பங்கு கொள்வது என்பதே அடிப்பொருள். வினையிலும் பெயரடையிலும் அது பங்கு கொள்கிறது. வினையாகத் தொடங்கி முற்றாமல் நின்று இன்னொரு சொல்லை எதிர்பார்ப்பதால் நாம் அதை எச்சம் என்றோம்.

ரிலேட்டிவ் கிளாஸ் என்பதும் நம் பெயரெச்சத் தொடர்தான், ஆனால் வரிசை தலைகீழ். ‘சென்னிமலைக்குப் போன பேருந்து’ என்று நாம் பேருந்தைக் கடைசியில் வைக்கிறோம். அவர்கள் ‘த பஸ் தட் வென்ட் டு சென்னிமலை’ என்று பேருந்தை முதலில் வைத்து, இணைக்க ஒரு சொல்லையும் போடுகிறார்கள். பிரெபோஸிஷன் என்றால் முன்னால் வைக்கப்படுவது. நம் வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது. ‘வீட்டில்’, ‘மேசையில்’, ‘நிறுத்தத்தில்’ என்ற மூன்றுக்கும் நமக்கு ஓர் இல் போதும். ஆங்கிலத்தில் இன், ஆன், அட் என மூன்று வேண்டும். இதை விதியாகப் படிப்பதைவிட வாக்கியங்களாகப் படித்துப் பழகுவதே நல்லது.

செயப்பாட்டு வினையில் ஓர் எச்சரிக்கை. ‘இந்தப் போர்வை சென்னிமலையில் நெய்தது’ என்று நாம் இயல்பாகச் சொல்வோம். போர்வையா நெய்தது? ‘திண்ணை மெழுகிற்று’ என்பதைக் காட்டி, செயப்படுபொருளைச் செய்தது போலச் சொல்லும் இவ்வழக்கை நம் இலக்கணம் ஏற்றுக்கொள்கிறது. ஆங்கிலத்தில் இதைப் பாஸிவ் வாய்ஸில் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் போர்வையே தறியில் உட்கார்ந்து நெய்ததாகப் பொருள்படும்.

படிக்கும் முறை பற்றியும் கேட்டிருந்தீர்கள். வாரம் ஐந்து சொல் போதும். 12 வாரங்களில் அறுபது சொற்கள் முடிந்துவிடும். ஒவ்வொரு சொல்லுக்கும் விளக்கத்தை எழுதுவதற்கு முன் உங்கள் வீட்டிலிருந்தோ தோட்டத்திலிருந்தோ சொந்தமாக ஓர் எடுத்துக்காட்டை எழுதுங்கள். பிறகு பாடக் கவிதையிலிருந்து ஓரடி. அதன் கீழே, பக்கத்துச் சொல்லாக இதை ஏன் கொள்ளக் கூடாது என்று ஒரு வரி: ‘இது மெட்டஃபர், உருபு இல்லாததால் சிமிலி இல்லை’ என்பது போல. தேர்வில் கை நிற்பது இந்த மூன்றாவது வரியை எழுதிப் பழகாததால்தான். விடையில் அணியின் பெயரை மட்டும் எழுதி நிறுத்த வேண்டாம். எந்தச் சொற்களில் அது இருக்கிறது, எதை எதனோடு சேர்க்கிறது, அதனால் அந்த அடிக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் ஒரு வாக்கியத்தில் சேர்த்துவிடுங்கள்.

கடைசியாக அபாஸ்ட்ரஃபி. கிரேக்க மொழியில் இதற்குத் திரும்பி விலகுதல் என்று பொருள். வழக்கு மன்றத்தில் பேசிக்கொண்டிருந்தவர் நடுவர்களிடமிருந்து திடீரெனத் திரும்பி, வேறொருவரையோ அங்கே இல்லாத ஒருவரையோ விளித்துப் பேசும் உத்திக்கு இப்பெயர் வழங்கியது. அங்கிருந்து கவிதைக்கு வந்து, இறந்தவரையும் உயிரற்ற பொருளையும் எதிரே நிற்பதுபோல் அழைத்துப் பேசுவதைக் குறித்தது. எழுத்தின் மேலே போடும் குறியும் அதே வேரிலிருந்து வந்ததுதான். விலக்கப்பட்ட, அதாவது விடுபட்ட, எழுத்து ஒன்று இருந்த இடத்தை அது காட்டுகிறது. ஆக, ஒரே பெயரில் ஒரு நிறுத்தக்குறியும் ஓர் அணியும் இருக்கின்றன. உங்கள் தாளில் இருப்பது அணி. பெர்சானிஃபிகேஷனிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது என்பதைப் பவணந்தியாரின் அடியே பிரித்துக் காட்டிவிடுகிறது. நொய்யல் பேசியது என்று நாம் சொன்னால் ‘கிளக்குந போலவும்’, அது பெர்சானிஃபிகேஷன். ‘நொய்யலே, உன் தண்ணீர் எங்கே?’ என்று கரையில் நின்று நாம் அதனிடம் கேட்டால் ‘கேட்குந போலவும்’, அது அபாஸ்ட்ரஃபி.